கல் சொரசொரப்பா, வழவழப்பா?



கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. ரிட்டயர் ஆகியும் டீச்சர் திட்டுவதை நிறுத்தவில்லை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள். பாதியில் தாவிப் போய் லைக் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

போன வாரம் என் பேத்தி பள்ளியிலிருந்து ஒரு ஒர்க் ஷீட் கொண்டுவந்தாள். இரண்டாம் வகுப்பு. தாளில் வண்ணப் படங்கள்: ஒரு கல், பஞ்சு, முகம் பார்க்கும் கண்ணாடி, மரப்பட்டை. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு கட்டம், 'ரஃப்', 'ஸ்மூத்' என்று. எது சரியோ அதில் டிக் போட வேண்டும். பிள்ளை கல்லுக்கு 'ஸ்மூத்' என்று போட்டிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. நாலுக்கு மூணு.

"ஏண்டா கண்ணு இப்படிப் போட்டே?" என்று கேட்டேன்.

"அம்மாச்சி, நம்ம அஞ்சாங்கல்லு வழவழன்னுதானே இருக்கு?"

எங்கள் வீட்டில் ஒரு பழைய டப்பாவில் ஐந்து கூழாங்கற்கள் உண்டு. என் அம்மா விளையாடியது, நான் விளையாடியது, என் மகள் விளையாடியது. இப்போது இவள். நாலு தலைமுறைக் கை பட்டு அவை புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டன. அந்தப் பிள்ளை தன் கைக்குத் தெரிந்த கல்லைப் பற்றி உண்மையைச் சொன்னாள். அதற்குச் சிவப்பு மை.

என் மகள், "விடுங்கம்மா, ஒரு மார்க்குதானே" என்றாள். ஒரு மார்க் என்றால் நானும் விட்டிருப்பேன். அன்று ராத்திரி அவள் டப்பாவை எடுத்து, ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொண்டே, "இது உண்மையா ரஃப்பா அம்மாச்சி? எனக்குத்தான் தெரியலையா?" என்று கேட்டாள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. ஏழு வயதுப் பிள்ளை தன் கையை நம்பாமல் தாளை நம்பக் கற்றுக்கொள்கிறது. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேறென்ன இருக்க முடியும்?

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் 'ரஃப்'பும் இல்லை, 'ஸ்மூத்'தும் இல்லை. "எந்தக் கல்?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

எங்கள் ஊரே கல்லால் ஆன ஊர். வாருங்கள், ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவோம்.

மலைக்கோட்டைக்குப் போங்கள். உச்சிப்பிள்ளையாருக்குப் போகும் வழியில் பாறையிலேயே வெட்டிய படிகள் உண்டு. அந்தப் படியில் நடுவும் ஓரமும் ஒன்றல்ல. நடுவில் கால் பட்டுப் பட்டு வழுக்கும். சுவரை ஒட்டிய ஓரத்தில் பாதத்தைக் குத்தும். மழைக்காலத்தில் பெரியவர்கள், "ஓரமா ஏறு" என்று சொல்வது அதனால்தான். பாதி வழியில் மகேந்திரவர்மன் காலத்துப் பல்லவர் குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. அங்கே சுவரும் தூணும் மலையும் எல்லாம் ஒரே பாறைதான். ஆனால் உளி பட்ட இடம் வேறு, வெயிலும் மழையும் பட்ட இடம் வேறு.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வாருங்கள். சேஷராயர் மண்டபத்துக் குதிரை வீரர்களைப் பார்க்காத திருச்சிக்காரர் இருக்க முடியாது. குதிரையின் கழுத்தும், அதன் மேல் ஓடும் கடிவாளமும், வீரன் கையிலிருக்கும் ஆயுதமும் ஒரே கல். ஆனால் சிற்பி தோலைத் தோலாகவும் கயிற்றைக் கயிறாகவும் செதுக்கியிருக்கிறான். கல்லுக்கு ஒரே ஒரு குணம்தான் என்று அவனுக்குப் பாடம் நடத்தியிருந்தால் அந்தக் குதிரை பிறந்தே இருக்காது. இன்னொன்று. எந்தப் பழைய கோயில் தூணையும் பாருங்கள். மனிதக் கை எட்டும் உயரம்வரை மெழுகு பூசிய மாதிரி இருக்கும். அதற்கு மேலே உளியின் தடம் அப்படியே இருக்கும்.

சித்திரை வெயிலில் அதே கோயிலின் பிரகாரத்தில் நடந்து பாருங்கள். கல் வழவழப்பா சொரசொரப்பா என்று யாரும் யோசிக்க மாட்டோம், குதித்துக்கொண்டு ஓடுவோம். கல்லுக்குச் சூடும் ஒரு குணம்.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். அம்மி. அம்மி வழவழப்பாகிவிட்டால் அது செத்த அம்மி. தேங்காய் அரையாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்காகத்தான் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். உளியால் பொடிப்பொடியாகக் கொத்தி, சொரசொரப்பை மறுபடியும் கொடுப்பார்கள். கொத்தி முடித்ததும் என் பாட்டி புறங்கையால் தடவிப் பார்ப்பாள், உள்ளங்கையால் அல்ல. அடுப்படி வேலையில் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. புறங்கைக்குத்தான் உண்மை தெரியும் என்பாள். கூலி அதற்குப் பிறகுதான்.

அப்புறம் கல்சட்டி. மாக்கல்லில் கடைந்தது. புதுசில் அதைத் தொட்டால் கையில் மாவு பூசின மாதிரி இருக்கும், நகத்தால் கீறினால் கோடு விழும். எண்ணெய் தடவி, கஞ்சித் தண்ணி ஊற்றிப் பழக்கி எடுத்தால் கருத்து, எருமைத் தோல் மாதிரி ஆகும்.

கூழாங்கல், மலைப்படி, கோயில் தூண், அம்மி, கல்சட்டி. ஐந்தும் கல். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு டிக்!

பேத்தியின் வகுப்பாசிரியையைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை, கேட்கத்தான் போனேன். சின்னப் பெண். என் கடைசி மாணவியின் வயதுதான் இருக்கும். "மேம், எனக்கும் புரியுது. ஆனா ஆன்சர் கீ அப்படித்தான் வருது. முப்பத்தெட்டு பிள்ளைங்க. நான் மாத்திப் போட்டா மேலே கேப்பாங்க" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், அவள் கையையும் யாரோ கட்டிவைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம், தொடுகிற விஷயத்தைப் படமாகப் போட்டுப் பரீட்சை வைக்கலாம் என்று எங்கோ உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் மேல். நிறத்தைப் படத்தில் காட்டலாம். வடிவத்தைக் காட்டலாம். காகிதத்தில் அச்சடித்த பஞ்சும் அச்சடித்த மரப்பட்டையும் விரலுக்கு ஒன்றுதான், இரண்டும் காகிதம். ஸ்மார்ட் போர்டில் போட்டால் இரண்டும் கண்ணாடி. பிள்ளை அங்கே எதையும் உணர்வதில்லை. 'பஞ்சு என்றால் ஸ்மூத்' என்று மனப்பாடம் செய்த சொல்லை ஒப்பிக்கிறது, அவ்வளவுதான். (பஞ்சு எப்படி 'ஸ்மூத்' ஆகும் என்பது வேறு விஷயம். புசுபுசுவென்று இருப்பதும் வழவழவென்று இருப்பதும் ஒன்றா?)

கொரோனா காலத்தில் வேறு வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் மூடிய ஆரம்ப வகுப்புகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அத்தனை மாதமும் 'தொடாதே' என்பதுதான் பிள்ளைகளுக்கு முதல் பாடம், போன் திரைதான் வகுப்பறை. சரி, பள்ளியைத் திறந்தாயிற்றே? இன்னும் ஏன் திரையையே தடவிக்கொண்டிருக்க வேண்டும்?

தொடுவது என்பது ஏதோ கீழான அறிவு என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. நம் முன்னோர்களுக்கு அப்படி இருக்கவில்லை. தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கியிருக்கிறது. அதில் முதல் அறிவு எது? தொட்டு அறிவது. புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள அறிவு அது. கண் வருவதற்கு எத்தனையோ படிக்கு முன்னால் தோல் வந்துவிட்டது. கட்டடத்துக்கு அஸ்திவாரம் மாதிரி.

இன்னொன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் உயிரில்லாத பொருள்களின் குணங்களைப் பட்டியல் போடுகிறார். வடிவம், நாற்றம் இரண்டு, நிறம் ஐந்து, சுவை ஆறு, ஊறு எட்டு. ஊறு என்றால் தொடு உணர்வு. அந்த எட்டையும் உரைகாரர்கள் விரித்துச் சொல்கிறார்கள்: சூடு, குளிர்ச்சி, கடினம், மென்மை, கனம், லேசு, அப்புறம் 'இழுமெனல்', 'சருச்சரை'. இழுமெனல் என்பது வழவழப்பு, சருச்சரை என்பது சொரசொரப்பு. சொல்லும்போதே நாக்கு ஒன்றில் வழுக்குகிறது, இன்னொன்றில் உரசுகிறது, பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நிறத்தைவிட, சுவையைவிடத் தொடுதலுக்குத்தான் அதிக எண்ணிக்கை கொடுத்தார்கள். எண்ணூறு வருஷம் முன்னேறி நாம் எட்டை இரண்டாக்கி, அந்த இரண்டிலும் தப்பாக டிக் போடச் சொல்கிறோம்.

நம் பேச்சையே கவனியுங்கள். தொட்டுப் பார், முகர்ந்து பார், கேட்டுப் பார், தின்று பார். தமிழில் எல்லாப் புலனுக்கும் 'பார்' உண்டு. விரலும் பார்க்கும் என்று ஒத்துக்கொண்ட மொழி இது.

வெளிநாட்டு ஆராய்ச்சி சொன்னால்தான் நம்புவோம் என்கிற உறவினர்களுக்காக நாலு வரி. (யார் என்று சொல்ல மாட்டேன். போன தீபாவளிக்கு என்னோடு வாதாடியவருக்குத் தெரியும்.)

1834-இல் வேபர் என்ற ஜெர்மானியர் காம்பஸின் இரண்டு முனைகளை உடம்பின் பல இடங்களில் வைத்துச் சோதித்தார். விரல் நுனியில் இரண்டு முனையும் சுமார் இரண்டு மில்லி மீட்டர் தள்ளி இருந்தாலே இரண்டு என்று தெரிந்துவிடும். முதுகில் சுமார் நாலு சென்டி மீட்டர் தள்ளினால்தான் தெரியும். ஒரு ஹேர்பின்னை வளைத்து இதை நான் வகுப்பில் செய்து காட்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தவர்கள் கை தூக்குங்கள்.

1925-இல் டேவிட் கட்ஸ் என்பவர் தொடுதலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் முக்கியமாகச் சொன்னது, கை அசைந்தால்தான் பரப்பு தெரியும் என்பது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டின் மேல் விரலைச் சும்மா வையுங்கள், ஒன்றும் பிடிபடாது. ஒரு அங்குலம் நகர்த்துங்கள், டர்க்கி டவலா, ஈரிழைத் துண்டா என்று சொல்லிவிடலாம்.

2013-இல் ஸ்வீடனில் செய்த ஆராய்ச்சியில், சுமார் 13 நானோ மீட்டர் உயரமே உள்ள சுருக்கங்களைக்கூட விரல் கண்டுபிடித்தது. தலைமுடியின் கனத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட வராது அது. 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசே இதற்குத்தான் கொடுத்தார்கள். சூட்டையும் தொடுதலையும் நரம்பு எப்படி அறிகிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும். ஜூலியஸ் எதை வைத்துக் கண்டுபிடித்தார் தெரியுமா? மிளகாயில் உள்ள காரப்பொருளை வைத்து. சூட்டை அறியும் அதே வாயில்தான் மிளகாய்க்கும் திறக்கிறதாம். நாம் காரம் தின்றுவிட்டு "எரியுது" என்கிறோமே, அது உவமை இல்லை, உண்மை.

ஆக, கைக்கு இவ்வளவு தெரிகிறது. கைக்குத் தெரிந்ததைச் சொல்ல வாய்க்குச் சொல் வேண்டாமா?

இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறேன். பள்ளியை மட்டும் திட்டித் தப்பிக்கப் போவதில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? எதைத் தொட்டாலும் 'சாஃப்ட்'. இட்லி சாஃப்ட், சப்பாத்தி சாஃப்ட், சேலை சாஃப்ட், தலையணை சாஃப்ட், குழந்தையின் கன்னம் சாஃப்ட். ஐந்தும் ஒரே மாதிரியா இருக்கின்றன? இட்லி மெத்தென்று இருக்கும். தலையணை புசுபுசுவென்று இருக்கும். துவைத்துப் பழகிய பருத்திச் சேலை நெகிழ்ந்து கிடக்கும். கன்னம் மொழுமொழுவென்று இருக்கும். வழவழ, கொழகொழ, பிசுபிசு, நறநற, மொறமொற, பொலபொல, சதசத, கதகத, வெதுவெது, சவசவ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளின் முகவரி. வெண்டைக்காய் கொழகொழ, வெல்லப்பாகு பிசுபிசு, வெந்த சாதம் பொலபொல, மண் கலந்த கீரை நறநற. மாற்றிச் சொல்லிப் பாருங்கள், சின்னக் குழந்தைகூடச் சிரிக்கும். இவற்றை நாம் இரட்டைக்கிளவி என்று இலக்கணக் கேள்வியாக்கி இரண்டு மார்க்குக்கு விற்றுவிட்டோம்.

'இது வெறும் சொல் பிரச்சினைதானே டீச்சர்' என்பீர்கள். இல்லை. இதில் ஒருவருடைய சோறு இருக்கிறது.

சில மாதம் முன்பு உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க நானும் போனேன். கடைப் பெயர் வேண்டாம். "கைத்தறி மேடம், நல்லா சாஃப்டா இருக்கும்" என்று ஒரு பருத்திச் சேலையை விரித்தார்கள். விலை கைத்தறி விலை. பெண் தடவிப் பார்த்து "ஆமா, சாஃப்டா இருக்கு" என்றாள். அவ்வளவுதான், பில் போட்டாயிற்று. நான் கரையைத் தொட்டுப் பார்ப்பதற்குள் சேலை கவுண்டருக்குப் போய்விட்டது. வீட்டில் வந்து நிதானமாகப் பார்த்தால் இழை முழுக்க ஒரே சீர், ஒரே இறுக்கம், விசைத்தறியில் ஓடியது. கைத்தறியில் இழை அழுத்தம் நெய்பவரின் கையோடு துளி கூடும், குறையும். விரலை ஓட்டினால் தெரியும். நெய்யும்போது துணி சுருங்காமல் விரித்துப் பிடிக்கும் கோலின் ஊசிகள் பல சேலைகளில் இரு ஓரத்திலும் பொடித் துளைகளை விட்டிருக்கும். அதையும் தடவிக் கண்டுபிடிக்கலாம்.

கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. 2006-இலிருந்து கைத்தறி முத்திரையும் இருக்கிறது. முத்திரையைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'சாஃப்ட்' என்ற ஒரு சொல்லோடு கடைக்குப் போகிற வாடிக்கையாளரிடம் எதையும் எதுவாகவும் விற்கலாம். விசைத்தறித் துணி கைத்தறி விலைக்குப் போகும், உண்மையான கைத்தறி விலை போகாமல் கிடக்கும், நெசவாளியின் பிள்ளை தறியை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும். பட்டுக்கே 'சாஃப்ட் சில்க்' என்று பெயர் வைத்துவிட்டார்களே! பட்டின் அழகு அது சரசரப்பதில் அல்லவா இருந்தது?

நெசவு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது.

தொண்ணூறுகளில் உறையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். உறையூர் சாதாரண ஊர் இல்லை. சோழர் தலைநகர். முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் நூலில் 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைப் பற்றி இருக்கிறது. அது உறையூர்தான் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அந்த ஊரில் நின்றுகொண்டு நான் 'உடை' பாடம் நடத்தினேன். "பருத்தித் துணி எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். புத்தகத்தில் உள்ள விடை, 'மென்மையாக இருக்கும்'.

பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். நெசவுக் குடும்பம். "இல்ல டீச்சர். தறியிலேர்ந்து எறக்கினா மொறமொறன்னு இருக்கும். நாலு தண்ணி பாத்தப்புறம்தான் மெத்துனு ஆவும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புத்தகத்துல என்ன போட்டிருக்கு? அதைச் சொல்லு. உட்காரு." வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுவதும் அவன் தானாக எழுந்து ஒரு பதிலும் சொல்லவில்லை.

பிறகு ஒருமுறை கணக்கெடுப்பு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனேன். விடிகாலை. தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையனின் தாத்தாவுக்குக் கண் பார்வை மங்கிப்போயிருந்தது. இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி, "இது அறுபது, இது எண்பது" என்று நூலின் நம்பரைச் சொன்னார். கஞ்சி அதிகமானால் நூல் விறைத்து அறுந்துவிடும், குறைந்தால் பிசிறு கிளம்பி அச்சில் மாட்டும் என்று எனக்குப் புரியும்படி விளக்கினார். கஞ்சி போட்ட இழையையும் போடாத இழையையும் என் விரலில் வைத்து, "பாருங்க டீச்சர்" என்றார். பார்த்தேன். பையன் திண்ணையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருந்தும் மறுநாள் வகுப்பில் "அவன் சொன்னதுதான் சரி" என்று நான் சொல்லவில்லை. டீச்சர் தப்பு என்று ஒத்துக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்த வயது.

தம்பி, நீ இந்தப் பதிவைப் படிக்கிறாயா, எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னுடையது. முப்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

என் பேத்தியின் தாளில் சிவப்பு மையைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் இதுதான். அது என் பேனாவாகத் தெரிந்தது.

இனி உங்கள் எதிர்வாதங்கள். மூன்றை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது: "நாப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா?" முடியும். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்தவர், 1946 வரை இந்தியாவில் இருந்தார். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் படிக்கவைத்தது அவர் முறை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் அதற்கும் முன்பே மணலில் விரலால் எழுதினார்கள். இன்றும் விஜயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோதானே குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுகிறோம்? ஒரே ஒரு நாள் செய்துவிட்டு மறுநாளே பிளாஸ்டிக் ஸ்லேட்டைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு மஞ்சள் பை, பத்துப் பொருள். கூழாங்கல், செங்கல் துண்டு, கோரைப்பாய் ஓரம், தேங்காய் மட்டை, பட்டுத்துணி, கஞ்சி போட்ட துணி, பனையோலை, சிரட்டை, ஈயச்சொம்பு மூடி, மரக்கரண்டி. கையை உள்ளே விட்டு, பார்க்காமல் சொல்ல வேண்டும். செலவு ஒரு ரூபாய் இல்லை. நாலு பை இருந்தால் நாப்பது பேருக்குப் போதும்.

இரண்டாவது: "எல்லாவற்றுக்கும் கருவி வந்துவிட்டதே!" வந்திருக்கிறது, நல்லதுதான். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் லால்குடிக்காரர் நெல்லை மூட்டை கட்டுவதற்கு முன்பே ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்கிறார். நறுக்கென்று உடைந்தால் கட்டுகிறார், நசுங்கினால் இன்னொரு வெயில் காயவைக்கிறார். கடித்துப் பார்க்கத் தெரியாதவர் வண்டி வாடகை கொடுத்து நெல்லைக் கொண்டுபோய் மீட்டரிடம் பாடம் படிக்கிறார். கொத்தனாரைக் கேளுங்கள். கொள்ளிடத்து மணலை ஒரு பிடி அள்ளிக் கசக்கி விட்டால், கையில் ஒட்டுகிற மண்ணை வைத்தே தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். இப்போது எம்-சாண்ட் வந்துவிட்டது. "இது கையைக் குத்துது" என்பார். ஆற்றில் உருண்டு வந்த மணலின் முனை மழுங்கியிருக்கும், எந்திரத்தில் உடைத்த மணலில் முனை கூராகவே இருக்கும். புவியியல் பாடம் முழுவதும் அவர் உள்ளங்கையில் இருக்கிறது.

மூன்றாவது: "பழைய காலத்துப் பெருமை பேசுகிறீர்கள்." அம்மியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவே இல்லை. என் வீட்டிலும் கிரைண்டர்தான் ஓடுகிறது, கை வலிக்கு எனக்கு அது வேண்டும். ஆனால் கிரைண்டரில் அரைத்த மாவையும் விரலால் தேய்த்துப் பார்த்துத்தானே நிறுத்துகிறோம்? பொருள் மாறட்டும். ரப்பர், நுரைத் தகடு, போன் கண்ணாடி, ஜீன்ஸ் துணி, எதையும் பையில் போடுங்கள். புதுப் பொருளுக்குப் புதுச் சொல் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். என் பேத்தி கண்ணாடித் தாளை, "இது கிறுகிறுன்னு இருக்கு" என்கிறாள். அகராதியில் வேறு அர்த்தம். எனக்கு ஆட்சேபணை இல்லை. தொட்டுவிட்டுச் சொன்னாள்.

ஆக நான் கேட்பது இவ்வளவுதான்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் தலைமையாசிரியர்கள், ஒன்றிரண்டு பேர் பாடப்புத்தகம், ஒர்க் ஷீட் தயாரிக்கும் இடத்திலும் இருக்கிறீர்கள். தொடு உணர்வைப் படத்தில் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால் கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஏன்?' என்று ஒரு கோடு விடுங்கள். பிள்ளை காரணம் சொன்னால் மார்க் போடுங்கள். விடைத்தாள் அதற்கு இடம் தராவிட்டால், உங்கள் பேனாவையாவது ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, "எந்தக் கல்லைச் சொல்றே?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

பெற்றோர்களே, பிள்ளை தப்பாக டிக் போட்டால் திட்டுவதற்கு முன் காரணம் கேளுங்கள். கடைக்குப் போனால் பிள்ளையின் கையையும் துணியில் வையுங்கள். ஒரே ஒரு வாரம் வீட்டில் 'சாஃப்ட்' என்ற சொல்லுக்கு லீவு விடுங்கள். எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். நானே நேற்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன், பேத்தி பிடித்துவிட்டாள்.

அந்த ஆசிரியைக்கு ஒரு மஞ்சள் பையில் பத்துப் பொருள் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அஞ்சாங்கல்லில் ஒன்றும் அதில் இருக்கிறது. பேத்தி முதலில் தர மாட்டேன் என்றாள். பிறகு, "ஒண்ணு மட்டும், திருப்பித் தரணும்" என்று சொல்லிக் கொடுத்தாள். மார்க்கை மாற்ற வேண்டாம் என்று தனியாக எழுதிவைத்தேன். பிள்ளைகளைக் கண்ணை மூடித் தொடவைத்துவிட்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டால் போதும். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நீங்கள் கீழே எழுத வேண்டியது ஒன்றே ஒன்று. "அருமையான பதிவு டீச்சர்" வேண்டாம். உங்கள் தொழிலில் உங்கள் கைக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். நர்ஸாக இருப்பவர்கள், மெக்கானிக், தையல், சமையல், விவசாயம், பெல்லில் வெல்டிங் பார்ப்பவர்கள், எல்லோரும். எதைத் தொடுகிறீர்கள், அது எப்படி இருந்தால் சரி, எப்படி இருந்தால் தப்பு, அதற்கு நீங்கள் சொல்லும் சொல் என்ன? தமிழிலோ உங்கள் பட்டறை பாஷையிலோ எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீரங்கம்.